பதினேழாம் எண்ணின் நகல்

பிள்ளைகளா, போன வாரம் ஒரு பெண் படிவக் கட்டோடு நம் வாசலில் வந்து நின்றாளே, அவளிடம் நான் நடந்துகொண்டது உங்கள் இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது என்று உங்கள் உம்மா சொன்னாள். அவள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்றுதான் கேட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டேன். "ஒரு பதில் சொல்றதுல என்ன வாப்பா போச்சு?" என்று பெரியவள் கேட்டாள். சின்னவன் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தான். அது எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டான். முப்பது வருஷம் இங்கிலீஷை டைப் அடித்தவனடா நான்.

பதில் சொல்வதில் என்ன போகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போனது என் கையால்தான். இதுவரை உங்கள் உம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனின் எழுத்து இது, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் துபாய் வந்தேன். தேரா என்ற பகுதியில் ஒரு கட்டுமானக் கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. கம்பெனியின் பெரிய சைட் ஜெபல் அலியில் இருந்தது. அங்கே அப்போது துறைமுகமும் இல்லை, ஒன்றும் இல்லை. மணலைத் தோண்டிக் கடலை உள்ளே கொண்டுவரப் போகிறார்கள் என்று சொன்னார்கள். முதலாளி இந்த ஊர் அரபி. இஞ்சினியர்கள் வெள்ளைக்காரர்கள். அதற்குக் கீழே எல்லா ஊர் ஆட்களும் இருந்தோம்.

ஒருநாள் கிரேனுக்கு அடியில் ஒரு ஆள் நடந்து போய்விட்டான். எச்சரிக்கைப் பலகை அவன் முகத்துக்கு நேரேதான் இருந்தது. அதில் அரபியும் இங்கிலீஷும் எழுதியிருந்தது. அவனுக்கு இரண்டும் தெரியாது. கால் போய்விட்டது. முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "யார் யாருக்கு என்ன பாஷை தெரியும்னு எனக்குத் தெரியணும், அந்தப் பாஷையிலெல்லாம் பலகை வைக்கணும்" என்றார். அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்தார்.

டீச்சர் என்று நாங்கள்தான் சொன்னோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். கறுத்து உயர்ந்த பெண்மணி, நாற்பது வயதிருக்கும். ஆப்பிரிக்க மொழிகளை ஆராய்வதே அவர் வேலை. சான்சிபாரில் கலவரம் வந்து ஆட்சி மாறியபோது, அங்கே பிறந்து வளர்ந்த அரபு வம்சத்து ஆட்கள் பலர் இந்தக் கரைக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்கள் பேசும் சுவாஹிலி இங்கே என்ன ஆகிறது என்று பார்த்து எழுதி, அதைக் கொடுத்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். முதலாளியோடு அவருக்கு ஓர் ஏற்பாடு. சைட்டில் யாருக்கு என்ன மொழி என்று கணக்கெடுத்துப் பலகைக்காக ஒரு அறிக்கை தர வேண்டும். பதிலுக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களை உட்காரவைத்துத் தன் ஆராய்ச்சிக்குத் தனியாகக் கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

இதை ரூமில் சொன்னபோது, எங்கள் ஊர்க்காரர் ஒருவர், டிரைவர், அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆப்பிரிக்கா பாஷைக்கு டாக்டர் பட்டமா? யாருட்ட கதை வுடுறா?"

"நெசமாத்தான் நானா. அதுக்குன்னே காலேஜ் இருக்காம்."

"அப்ப என் பாஷைக்கும் பட்டம் தரச் சொல்லு. வீட்டுக்குக் கடுதாசின்னா தமிழ். வண்டியில ஏறுனா மலையாளம். பட்டாணிக்காரன்ட்ட உருது. போலீஸ்காரன் கைகாட்டுனா அரபி. அவன் விட்டுட்டுப் போனப்புறம் வையறதுக்கு மறுபடி தமிழ்."

"அதைத்தான் அந்தம்மா படிக்கிறாங்க நானா."

"அட அல்லாவே, அப்ப என்னையப் புரொபசராப் போட்டுற வேண்டியதுதானே!"

மறுநாள் இதை டீச்சரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். "என் முதல் அத்தியாயத்துக்கு இரண்டு வருஷமா வாக்கியம் தேடிக்கிட்டிருந்தேன். உங்க நானா முடிச்சுக் குடுத்துட்டார்" என்றார். எங்கள் பேச்சு இங்கிலீஷில்தான். உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

என்னை அவருக்கு உதவியாகப் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அரபி எழுத்து வாசிக்கத் தெரிந்த, ஆனால் அரபி தெரியாத டைப்பிஸ்ட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆபீஸில் எல்லாரும் விழித்தார்கள். விஷயம் இதுதான். அந்த ஆட்களின் வீட்டுக் கடிதங்கள் சுவாஹிலி மொழியில், அரபி எழுத்தில் இருக்கும். டீச்சர் சுவாஹிலியை மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் எழுத்தில் படித்தவர். கேட்டால் எல்லாம் புரியும், இந்த எழுத்து மட்டும் வாசிக்க வராது. அரபி தெரிந்தவரை வாசிக்கச் சொன்னால் அவர் தன்னை அறியாமல் வார்த்தையை அரபிப் பக்கம் இழுத்துவிடுவாராம். எழுத்தை எழுத்தாக மட்டும் வாசிக்கிற ஆள் வேண்டும். மதரஸாவில் ஓதிய எனக்கு அது ஒன்றுதானே தெரியும்? "எங்க உம்மா தமிழையே அரபி எழுத்துலதான் எழுதுவாங்க மேடம்" என்று நான் சொன்னதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

ஆக, நான் அர்த்தம் தெரியாமல் வாசிப்பேன். அவர் காதால் வாங்கி எழுதுவார். பிறகு அதையும் கேள்வி பதிலையும் ஆபீஸ் மெஷினில் நான் டைப் அடித்துக் கொடுப்பேன். தாளில் யார் பெயரும் வராது, எண் மட்டும்தான். எந்த எண் யார் என்ற பட்டியல் அவர் கைப்பைக்குள் இருந்தது.

பதினேழாம் எண் ஜெபல் அலி கேட்டில் டைம்கீப்பர். நாங்கள் உள்ளே போகிற, வெளியே வருகிற நேரத்தைப் பதிவேட்டில் எழுதுகிறவர். எப்போதும் வெளுத்த கந்தூரா, அந்த நீள அரபு அங்கி, போட்டிருப்பார். அந்தப் புழுதியில் அதை எப்படி அவ்வளவு வெள்ளையாக வைத்திருந்தார் என்று தெரியாது. அரபியை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். அவருடைய பாட்டனார் இந்தக் கரையிலிருந்து சான்சிபார் போனவர். இவர் அங்கேயே பிறந்தவர். கலவரத்தில் வீடு போய்ப் பல வருஷம் அலைந்த பிறகு மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் மொம்பாசாவில் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு, பாட்டனாரின் கரைக்கு வந்திருந்தார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். இவர் அரபு வம்சம்தான், எனக்குத் தெரியும் என்று முதலாளி கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டும். அது இருந்தால் இந்த நாட்டுக் காகிதம் கிடைக்கும், குடும்பத்தை வரவழைக்கலாம். இல்லையென்றால் அவருக்கு எந்த நாடும் இல்லை. பிறந்த நாடு ஏற்காது, வந்த நாட்டுக்கு அவர் வெளியாள். பெருநாள் கழித்துத் தருகிறேன் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். சைட்டில் எல்லாருக்கும் இது தெரியும். கேட்டைத் தாண்டுகிற ஒவ்வொருவனும், "என்ன பாய், கத் ஆயா?", கடிதம் வந்துவிட்டதா, என்று கேட்பான். "இன்ஷா அல்லாஹ், பெருநாள் கழிச்சு" என்பார். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

ஸ்டோருக்குப் பின்னால் இருந்த தகரக் கேபினில் ஒரு மத்தியானம் அவரை உட்காரவைத்தோம். மனைவியிடமிருந்து வந்த கடிதம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நான் வழக்கம்போல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பாதியில் டீச்சரின் பேனா நின்றுவிட்டது. அந்த மனிதர் தகரச் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்பா வாசிச்சிட்டேனா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்லை. ரொம்பச் சரியா வாசிச்சிட்டீங்க" என்றார் அவர். பிறகு எனக்கும் சொன்னார். சின்னப் பெண்ணுக்குப் பல் விழுந்துவிட்டதாம், வானத்தில் சத்தம் கேட்டால் வாப்பா விமானம் அனுப்பிவிட்டார் என்று தெருவுக்கு ஓடுகிறாளாம், அவளைப் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருக்கிறதாம்.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். நானும் அவரும் பேசுவது இந்தியும் சைட்டில் பொறுக்கிய நாலைந்து அரபி வார்த்தையும் கலந்த பேச்சு. என்னை அஹி, சகோதரா, என்றுதான் கூப்பிடுவார். "நல்லவேளை உனக்கு ஒண்ணும் விளங்கலை அஹி. அதுக்குக் கீழே எழுதியிருக்கிறது எனக்கு மட்டும் உள்ளது" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அதன் பிறகு கேள்விகள். டீச்சர் சுவாஹிலியில் கேட்பார், கேள்வியையும் பதிலையும் உடனே எனக்கு இங்கிலீஷில் சொல்வார். உம்மாவிடம் எந்த மொழியில் பேசுவீர்கள்? கோபம் வந்தால் எந்த மொழி? கனவில்? பிள்ளைகளோடு? சுவாஹிலி, சுவாஹிலி என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அரபி எப்போது கற்றீர்கள் என்று கேட்டபோது அவர் கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

"இதை வேற யாராவது பார்ப்பாங்களா?"

"தாள்ல எண்தான் இருக்கும். பெயர் என்கிட்ட" என்று டீச்சர் கைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

அவர் என்னையும் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"என் உம்மாவுக்கு அரபி தெரியாது. தொழறதுக்கு மட்டும்தான். அவங்களும் அவங்க உம்மாவும் ஆப்பிரிக்கக்காரங்க. எனக்கும் இங்க வந்தப்புறம்தான் அரபி. கடைத்தெருவுல கத்துக்கிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ பாரம் இறங்கியதுபோல் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எங்கள் மாஸ்டர் முதல்நாளே சொல்லிக்கொடுத்தது, மெஷினில் ஒற்றைத் தாள் போகக் கூடாது என்பது. கார்பனும் அடித்தாளும் வைத்துத்தான் உருளையைச் சுற்ற வேண்டும். மேல் தாள் போகிற இடத்துக்குப் போகும், அடித்தாள் ஆபீஸ் ஃபைலுக்கு. துபாயிலும் அதேதான் வழக்கம். ஆபீஸ் மெஷினில் அடித்த எதற்கும் ஃபைலில் நகல் இருக்கும். டீச்சரின் தாள்களுக்கும் அப்படியே செய்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. ஃபைல் பண்ணும்போது வெறும் எண்ணாக இருந்தது. எண்ணை வைத்து எப்படி அடுக்குவது? நாளைக்கு டீச்சர் ஏதாவது தாள் தொலைந்துவிட்டது என்று கேட்டால்? நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுக்க வேண்டும் எனக்கு. பட்டியல் என்னிடம் இல்லாவிட்டாலும் எல்லாரோடும் கேபினில் உட்கார்ந்தவன் நான், எந்த எண் யார் என்று தெரியும். ஒவ்வொரு நகலின் மூலையிலும் பென்சிலால் அந்தந்த ஆளின் பெயரை எழுதினேன். பலகை அறிக்கை ஃபைலிலேயே எல்லாவற்றையும் கோத்து, அலமாரியில் வைத்தேன். டீச்சரிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, பிள்ளைகளா. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

பெருநாள் முடிந்து ஆபீஸ் திறந்த இரண்டாம் நாள், முதலாளி என்னைக் கூப்பிடுவதாக ஆள் வந்தது. எனக்குச் சம்பள உயர்வோ என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு போனேன்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் முதலாளி. பக்கத்தில் மந்தூப், அதாவது கம்பெனியின் அரசாங்கக் காகித வேலைகளை முடித்துக்கொண்டு வருகிறவர். வேறு அரபு நாட்டுக்காரர். எதிரில், அந்த வெள்ளைக் கந்தூராவில், டைம்கீப்பர். மேஜைமேல் ஒரு கார்பன் நகல். எங்கள் மெஷினில் இங்கிலீஷ் சின்ன 'e' எழுத்தின் வயிறு அடைத்துக்கொண்டு கறுப்பாக விழும். தூரத்திலிருந்தே தெரிந்தது. மூலையில் என் பென்சில்.

அறையில் ஏசி ஓடுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை.

"யா ஹிந்தி," இந்தியர் எல்லாரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார், "இதை அடிச்சது நீயா?"

"ஆமா அர்பாப்."

"இந்தப் பெயர்?"

"நான்தான்."

மந்தூப் விளக்கினார். பலகை வேலைக்காக ஃபைலை எடுத்தாராம், உள்ளே இது இருந்ததாம். முதலாளி முத்திரை வைக்க வேண்டிய கடிதத்தை அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்தவரும் அவர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலாளியிடம் காட்டாமல் இருந்திருந்தால் அவர் வேலை போயிருக்கும்.

முதலாளி டைம்கீப்பரைப் பார்த்து அரபியில் பேசினார். என்ன பேசினார் என்பதை மந்தூப் பிறகு எனக்குச் சொன்னார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உன் பாட்டன் வீட்டை எனக்குத் தெரியும், ஆனால் உன் வாயாலேயே இப்படிச் சொல்லி, அது இங்கிலீஷில் தாளாகி, என் அலமாரிக்குள்ளேயே இருக்கிறது, நாளைக்கு ஒருவன் இதை எடுத்துக் காட்டினால் என் முத்திரை என்ன ஆகும் என்று கேட்டார். அந்த மனிதர் "என் பாட்டனார்..." என்று தொடங்கினார். முதலாளி கையை உயர்த்தி, "கலாஸ்" என்றார், முடிந்தது என்று.

அவர் வெளியே போகும்போது என்னைக் கடந்து போனார். திட்டுவார் என்று நின்றேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. ஏதோ புதிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவ்வளவுதான்.

டீச்சர் தங்கியிருந்த ஹோட்டல் நடக்கும் தூரம்தான். நான் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"எத்தனை தாளுக்கு நகல் எடுத்தீங்க?"

"எல்லாத்துக்கும் மேடம்."

"பெயரோடயா?"

"பென்சில்லதான் மேடம்."

பென்சிலில்தான் என்று சொன்னேன், பாருங்கள். அழித்துவிடலாமே என்பதுபோல.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கத்தவில்லை. "நான் இதைத்தான் பசங்களுக்குப் பாடமா எடுக்கிறேன். ஜனங்க நம்பிச் சொல்ற பெயரை எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு ஒரு வருஷப் பாடம். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. டைப்பிஸ்ட்தானேன்னு நினைச்சிட்டேன்" என்றார். பிறகு, "நாளைக்குக் காலையில முதலாளி எத்தனை மணிக்கு வருவார்?" என்று கேட்டார்.

காலையில் அவர் முதலாளி அறைக்குள் போனார். டைப் அடிக்க வேண்டியிருக்கும் என்று என்னையும் மெஷினோடு உள்ளே கூப்பிட்டார்கள். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தத் தாளை நம்பாதீங்க. நான் கேட்ட விதம் தப்பு. எனக்கு வேண்டிய பதிலை நானே அவர் வாயில போட்டுட்டேன். அது அவர் பேச்சு இல்லை, என் பேச்சு" என்றார் டீச்சர்.

முதலாளி ஒன்றும் தெரியாதவர் இல்லை. தஸ்பீஹ் மணியை நகர்த்திக்கொண்டே, "இந்த ஒரு தாள்தான் தப்பா? எல்லாமா?" என்று கேட்டார்.

ஒன்று என்று சொல்லியிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பார். டீச்சருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "எல்லாம்" என்றார்.

"அப்ப எழுதிக் குடுங்க. எனக்கு ஒண்ணு. உங்க பல்கலைக்கழகத்துக்கு ஒண்ணு. ரெண்டிலும் கையெழுத்து. ரெண்டையும் எங்க ஆபீஸ்தான் தபால்ல போடும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவர் என்ன விலை கேட்கிறார் என்று. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்து, "எழுதிக்கோங்க" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். இந்த சைட்டில் நான் சேகரித்தவை அனைத்தும் என் முறைகேடான கேள்விகளால் பழுதானவை, எந்த ஆராய்ச்சிக்கும் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது, பொறுப்பு என்னுடையது மட்டுமே. இங்கிலீஷில் இது இன்னும் கடுமையாக இருந்தது. பாதியில் என் விரல் நின்றுவிட்டது. படித்தவர்கள் தங்கள் படிப்பைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் தப்பாகச் சொன்ன ஒரு கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த அம்மா சரியாகச் செய்த இரண்டு வருஷ வேலையைத் தப்பு என்று சொல்கிறார்.

குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மேடம், இது பொய்யில்லையா?" என்றேன்.

"ஆமா. ஸ்பெல்லிங் மட்டும் சரியா அடிங்க" என்றார்.

கையெழுத்துப் போட்ட பிறகு, ஃபைலில் இருந்த நகல்களைக் கேட்டு வாங்கினார். தன்னிடமிருந்த தாள்களையும் எடுத்துக்கொண்டார். ஆபீஸ் வண்டியில் என்னையும் கூட்டிக்கொண்டு ஜெபல் அலி கேம்ப்புக்குப் போனார். மெஸ்ஸுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி எரிக்கிற ஒரு எண்ணெய் டிரம் இருந்தது. ஒவ்வொரு தாளாகப் போட்டார். போடும் முன்பு ஒவ்வொன்றிலும் எண்ணைப் பார்த்துக்கொண்டார். நானாவின் பேச்சை எழுதிய அந்த நோட்டுப் பக்கமும் போனது. நான் தடுக்கவில்லை. எனக்கு என்ன தகுதி இருக்கிறது தடுக்க? சமையல்காரன் எட்டிப் பார்த்து, "க்யா ஜலாதா ஹை?", என்ன எரிக்கிறாய், என்று கேட்டான். "பழைய பேப்பர்" என்று நான்தான் பதில் சொன்னேன்.

அன்று மத்தியானமே முதலாளி டைம்கீப்பருக்கான கடிதத்தில் முத்திரை வைத்துவிட்டார். எச்சரிக்கைப் பலகைகள் இரண்டு மொழியிலேயே நின்றன. அறிக்கைதான் பழுது என்று ஆகிவிட்டதே.

டீச்சர் ஊருக்குப் புறப்பட்டபோது டாக்சி பிடித்துக்கொடுத்தேன். "இனிமே என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று கேட்டேன். பட்டம் முடித்தால்தான் வேலை நிரந்தரம் என்று லீவு கொடுத்து அனுப்பியிருந்தார்களாம். முடிக்காமல் போகிறவருக்கு அங்கே நாற்காலி கிடையாது. அவர் நாட்டில், சின்னப் பிள்ளைகளுக்கு எந்த மொழியில் முதல் பாடம் நடத்துவது என்று ஒரு குழு போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து, பிள்ளை பேசுகிற மொழியிலேயே தொடங்குங்கள் என்று வாதாட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. "பட்டம் இல்லாதவள் சொன்னா குழு கேட்காது. பள்ளிக்கூடத்துல நான் நேராச் சொல்லிக் குடுக்கலாம்ல?" என்று சிரித்தார். பிறகு ஒரே ஒரு வாழ்த்து அட்டை வந்தது. மலைப்பக்கத்துப் பள்ளி ஒன்றின் முகவரி. இங்கிலீஷ் கட்டுரை நடத்துவதாக எழுதியிருந்தார். என்னைக் குறை சொல்லி ஒரு எழுத்து இல்லை.

கடிதம் கிடைத்த மறுநாள் கேட்டில் நான் டைம்கீப்பரிடம் "முபாரக்" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து என் நேரத்தை எழுதினார். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு என்னிடம் அவர் பேசியதெல்லாம் மணி மட்டும்தான். அரபியில்.

குடும்பம் வந்து சேர்ந்தபோது நான் அங்கே இருந்தேன். விரும்பிப் போகவில்லை. விமான நிலையத்தில் காட்ட வேண்டிய காகிதங்களை மந்தூப் கொண்டுபோனார், கட்டைத் தூக்க என்னையும் அழைத்துப்போனார். காலை விமானம். வெளியே வருகிற வாசலில் கூட்டம். டைம்கீப்பர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். மந்தூப் அவருக்கு அருகில், நான் ஓர் அடி பின்னால்.

கறுப்பு உடையில் ஒரு பெண்மணி, இரண்டு பக்கமும் இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்குப் பத்து வயதிருக்கும், கூச்சத்தோடு நின்றுவிட்டாள். சின்னவள் கையை உதறிக்கொண்டு ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் தூக்கினார். முகத்தை அவள் கழுத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மந்தூப்கூட வேறு பக்கம் பார்த்தார்.

அப்போது அந்தப் பிள்ளை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாபா, நத்தாக்கா மாஜி!" என்றது.

டைப் அடித்து அடித்து எனக்கு அந்த மொழியில் ஒரு கைப்பிடி வார்த்தை தெரிந்திருந்தது. மாஜி என்றால் தண்ணீர். பிள்ளைக்குத் தாகம். வேறொன்றுமில்லை.

அவர் கை பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டது.

மெதுவாக இல்லை. சட்டென்று, தீ பட்டதை அணைக்கிற மாதிரி. அவர் பார்வை பிள்ளைமேல் இல்லை. முதலில் மந்தூபைப் பார்த்தார். பிறகு தோளுக்கு மேலாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் கையில் காகிதக் கட்டு இருந்தது.

பிள்ளையின் கண்கள் அந்தக் கைக்கு மேலே அகலமாக விரிந்திருந்தன. அழக்கூட இல்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்று அதற்குத் தெரியவில்லை. அவர் குனிந்து அதன் காதில் அரபியில் ஏதோ சொன்னார். அதற்கு அரபி தெரியாது. மனைவி ஓர் அடி முன்னால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெரியவள் மட்டும் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். அவள் தானாகவே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மந்தூப் என் கையிலிருந்த காகிதங்களை வாங்கிக்கொண்டு, "நீ போகலாம்" என்றார். அவர்கள் கார் இருந்த பக்கம் போனார்கள். அந்தப் பிள்ளைக்கு யார் எப்போது தண்ணீர் கொடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஓடிப் போய் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அது எனக்கு ரூமுக்கு வரும் வழியில்தான் தோன்றியது.

ரூமில் யாரும் இல்லை, எல்லாரும் டியூட்டியில் இருந்தார்கள். செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தேன். பிறகு என் வலது கையை என் வாயின்மேல் வைத்து, அவர் அழுத்திய மாதிரியே அழுத்திக்கொண்டு, "தண்ணி" என்று சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. விரல் இடுக்கில் மூச்சு மட்டும் சூடாக வந்தது. கையை எடுக்காமல் இன்னொரு தடவை சொன்னேன்.